குச்சியைப் பாத்தனியோ?

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, மறைக்கல்விப் பிள்ளைகளும் கலைந்த பின்னர், எமது அறைவீட்டின் பின்புறத்துப் புளியமரத்தடியில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று பொனற்றைத் திறந்தபடி நிற்கும். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நிற்போம். காரின் சொந்தக்காரரான ஐயா வாங்கில் அமர்ந்திருப்பார். வயது எழுபத்தெட்டு. ஒரு காலத்தில் இதே காரை வாடகைக்கு ஓட்டியவர். புதிதாக யாராவது வந்து, "ஐயா, என்ரை மோட்டச் சைக்கிள் இழுக்குதில்லை" என்று தொடங்கினால், அவர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்.

"குச்சியைப் பாத்தனியோ?"

ஒயில் அளக்கும் குச்சியைத்தான் சொல்கிறார். பல மோட்டார் சைக்கிள்களில் அது ஒயில் ஊற்றும் மூடியோடு சேர்ந்திருக்கும். காரில் எஞ்சினின் பக்கவாட்டில் வளையம் வைத்த கம்பியாக நிற்கும். கேட்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எமக்கும் தெரியாதுதான். குருமடத்தில் மெய்யியலும் கிரேக்க இலக்கணமும் படித்தோம். ஸ்பனர் பிடிக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை.

வாகனம் என்பது வசதி படைத்தவர்களின் விடயம் என்று எண்ணும் வாசகர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எமது பங்கிலுள்ள குடும்பங்களிற் பல 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவை. 2009இற்குப் பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது சிலருக்குத் தோட்டக்காணி கிடைத்தது, வீட்டுக்காணி கிடைக்கவில்லை. சிலருக்கு இரண்டும் கிடைத்தும் வீடு கட்ட வழியில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ இங்கே. ஆகவே இருப்பது ஓரிடம், பயிர் செய்வது வேறிடம். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறவும், விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றவும் தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் போய்வர வேண்டும். முன்பு கமக்காரனுக்கு மண்வெட்டி எப்படியோ, இடம்பெயர்ந்த கமக்காரனுக்கு மோட்டார் சைக்கிளும் லான்ட்மாஸ்ரரும் அப்படி.

பட்டி அறுந்த நாள்

இந்தக் கூட்டம் தொடங்கியதற்குக் காரணம் ஒரு விசிறிப் பட்டி. எமது பங்கைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருந்தார்கள். பீற்றூட் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் வழியில், விடியற்காலை, எஞ்சினிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. "பற்றரிதானே, சந்தைக்குப் போய்ப் பாப்பம்" என்று ஓட்டிப்போனார் மூத்தவர். அந்த எஞ்சினில் பற்றரிக்கு மின்னேற்றும் கருவியைச் சுழற்றுவதும், றேடியேற்றருக்குள் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பைச் சுழற்றுவதும் ஒரே பட்டிதான் என்பது அவருக்குத் தெரியாது. பட்டி அறுந்தால் தண்ணீர் ஓடாது. தண்ணீர் ஓடாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். மூன்று மைல் போனார். நாலாவது மைலில் ஆவி பறந்து வண்டி நின்றது. எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிட்டது.

ஓரிரு ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்திருக்க வேண்டிய காரியம். திருத்தி எடுக்க மூத்தவரின் மனைவியுடைய தாலிக்கொடி அடைவுக்குப் போனது. பீற்றூட் வாடி, அரைவிலைக்கும் போகவில்லை. அதைவிடக் கொடுமை, அண்ணன் தம்பிமாருக்குள் பேச்சுவார்த்தை நின்றது. சமாதானம் பண்ணப் போன இடத்தில், "சுவாமி, அந்தச் சிவப்பு லைற் எரிஞ்சா நிப்பாட்ட வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையே" என்று அவர் அழுதார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. எமது மோட்டார் சைக்கிளில் என்னென்ன விளக்கு எதற்கு எரிகிறது என்று எமக்கே தெரியாதிருந்தது.

இது நடந்தது 2023இன் ஆரம்பத்தில். அதற்கு முந்திய ஆண்டு எப்படியிருந்தது என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் இரவுகளைக் கழித்தோம். யூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. வாகன இறக்குமதியும் 2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பழைய வாகனங்களின் விலை ஏறியதேயன்றி இறங்கவில்லை. உள்ளதைப் பேணத் தெரியாதவன் பட்ட பாட்டை அந்தப் பிக்கப் காட்டியது.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

அறிவித்தல் சொன்ன முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோரும் தேவைக்காக வந்தவர்களல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று இளைஞர்கள் பழைய கார் என்றால் சோறு தண்ணீர் மறப்பவர்கள். மொறிஸ் மைனர் 1948இல் வந்ததும், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பின்னர் மினி காரையும் வடிவமைத்ததும் அவர்களுக்கு மனப்பாடம். தரையில் கிடந்த ஒரு நட்டைப் பார்த்து இது இன்ன இடத்து நட்டு என்று வாதாடுவார்கள். இவர்களை 'வேலையில்லாதவர்கள்' என்று பங்குச் சபையிற் சிலர் சொன்னதுண்டு. அவர்களுடைய அந்தப் பைத்தியம் இல்லாதிருந்தால் இந்தக் கூட்டம் மூன்றாம் ஞாயிறைத் தாண்டியிருக்காது என்பது எமது எண்ணம். தேவை மனிதரை ஒரு தரம் கொண்டுவரும். விருப்பம்தான் மறுபடி கொண்டுவரும்.

ஐயாவின் காரைப் பாடசாலையாக வைத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. புதிய வாகனங்களில் பொனற்றைத் திறந்தால் பிளாஸ்ரிக் மூடிகள்தான் தெரியும். மைனரில் எல்லாம் வெளியே நிற்கிறது. கார்பரேற்றர், டிஸ்ரிபியூற்றர், பிளக் நான்கு, விசிறி, பட்டி, பற்றரி: கையை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கார் 1990இற்கும் 1995இற்கும் இடையில் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த ஆண்டுகளில் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் புகையின் மணம் இன்னும் மூக்கில் இருக்கும். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது அரிதாகி, துளித் துளியாக, தீப்பிடித்த விலைக்கு விற்றது. புதிய கார்கள் முற்றத்தில் நின்றுவிட்டன. ஒஸ்ரின், மொறிஸ் போன்ற கிழட்டுக் கார்கள் ஓடின. அது ஏன் என்று அப்போது சிறுவராயிருந்த எமக்கு விளங்கவில்லை. ஐயா முப்பது வருடத்துக்குப் பிறகு விளக்கினார்.

பெற்றோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் சேர்த்து அமுக்கிப் பின்னர் பொறியால் எரிக்கிறது. அதிகம் அமுக்கினால் மண்ணெண்ணெய் பொறிக்கு முன்னரோ, ஒழுங்கு தப்பியோ வெடித்து எஞ்சினைத் தட்டும். பழைய கார்கள் ஏழெட்டு மடங்குதான் அமுக்குகின்றன. இன்றைய கார்கள் பத்து மடங்குக்கும் மேல் அமுக்குகின்றன. அதனாற்றான் கிழடுகள் தாக்குப்பிடித்தன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டுத் தொடக்கி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது எங்கள் ஊரின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியக் கமக்காரர் பாவித்த பேர்கசன் உழவு இயந்திரத்திலும் பெற்றோலில் தொடக்கி, மலிவான ஆவியெண்ணெய்க்கு மாற்றும் வகை ஒன்று இருந்தது. எங்கள் சாரதிமார் புத்தகம் இல்லாமலே அந்த வழியைப் பிடித்தார்கள்.

"ஓடினது ஓடினதுதான் சுவாமி. ஆனா, எஞ்சினைத் திண்டுபோட்டுது" என்றார் ஐயா. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து, கீழேயுள்ள ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயில் உலோகத்தைக் காக்காது. "அந்த நாளையிலை குச்சியிலை ஒயில் குறைஞ்சா பயப்பிட மாட்டம். கூடினாத்தான் பயம்." இந்த வார்த்தையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவும், பின்னர் தேவைப்படும்.

கற்றுக்கொண்டவை

முதல் மாதம் எதையும் கழற்ற ஐயா விடவில்லை. பார்ப்பதும் முகர்வதும் தொடுவதும்தான். வண்டியை மட்டமான நிலத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடம் சென்றபின் குச்சியை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு இழுத்துப் பார்ப்பது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒயில் நிற்க வேண்டும். பட்டியை நடுவில் பெருவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்க வேண்டும். உட்பக்கத்தில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். பிக்கப் வைத்திருந்த சகோதரர்களில் இளையவர் அன்று அந்தப் பட்டியை அமுக்கியபடி நெடுநேரம் நின்றார்.

பிளக் கழற்றிய நாள் கொண்டாட்டமாக இருந்தது. பிளக்கின் முனை பிஸ்கட் நிறமாக இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. ஒயில் படிந்து ஈரமாக இருந்தால் வளையங்கள் தேய்ந்துள்ளன. வெள்ளையாக வெளுத்திருந்தால் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகிறது. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல என்று ஒருவர் சொன்னார். மைனரின் பிளக் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு, பொயின்ற் இடைவெளி 15 பங்கு. அளப்பதற்கான மெல்லிய தகடுகளை இளைஞர்கள் கொழும்பிலிருந்து தருவித்தார்கள். காற்று வடிகட்டி விடயத்தில் தோட்டப் பாதைகளில் ஓடுபவர்கள் விசேட கவனம் எடுக்க வேண்டும். செம்மண் தூசி மூன்று மாதத்தில் செய்யும் அடைப்பைத் தார்வீதி ஒரு வருடத்திலும் செய்யாது.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகளில் கிறீஸ் ஏற்றும் சிறு முலைகள் உண்டு. அவற்றை மறந்தால் மூட்டு தேய்ந்து, ஓட்டத்தில் சக்கரம் மடிந்து விழும். அந்தக் காருக்கு இது பேர்போன குறை. ஐயா மாதம் ஒருமுறை கிறீஸ் அடிக்கிறார், கார் ஓடாமல் நின்றாலும்.

தண்ணீர் பற்றி ஒரு சொல். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை ஒவ்வொரு வீட்டிலும் காண்கிறோம். அதே படிவுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கிறது. கிணற்று நீரை ஊற்றாதீர்கள். குளிர்விக்கும் திரவம் வாங்க முடியாதவர்கள் சுத்தமான மழைநீரைச் சேர்த்துவைத்து ஊற்றலாம். பற்றரிக்கோ கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. எங்களில் ஒருவரின் முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

கார் இறங்கிய ஞாயிறு

இதை எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறோம்.

ஒரு மழை நாளுக்கு மறுநாள், கிறீஸ் அடிப்பதற்காக முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினோம். ஜக்கில் காரை உயர்த்திய பின், கழற்றிய சக்கரத்தைக் காரின் உடலுக்குக் கீழே படுக்க வைக்கும்படி ஐயா சொன்னார். அது இடைஞ்சலாக இருந்தது. "ஐயா, சீமெந்துக் கல் வைச்சிருக்கிறம்தானே" என்று சொன்னது நாம்தான். அவர் எழுந்து வந்து, எம்மோடு ஒரு சொல்லும் பேசாமல், சக்கரத்தைத் தாமே உருட்டிக் கீழே தள்ளினார். பத்து நிமிடம் சென்றிராது. ஈரமண்ணில் ஜக்கின் அடி புதைந்து சரிந்தது. கார் கல்லின்மேல் இறங்கியது. உட்குழிவான அந்தக் கல் பிஸ்கட்போல நொருங்கியது. கார் சக்கரத்தின்மேல் வந்து நின்றது. அதன் கீழே பதினேழு வயதுப் பையன் ஒருவன் கிடந்தான். அவனுடைய நெஞ்சுக்கும் இரும்புக்கும் இடையில் அந்தச் சக்கரத்தின் தடிப்பு அளவு இடைவெளி இருந்தது.

அவனுடைய தாய்க்கு அன்று மாலையே போய்ச் சொன்னோம். 2009இல் மூத்த மகனை இழந்தவர். அவர் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். மூன்று ஞாயிறு கூட்டம் நடக்கவில்லை. நாலாவது ஞாயிறு அந்தப் பையன்தான் வந்து, "பாதர், எப்ப தொடங்கிறது?" என்று கேட்டான். தாயும் பின்னால் வந்திருந்தார். இப்போது மரக்குற்றிகளும் இரும்புத் தாங்கிகள் இரண்டும் வைத்திருக்கிறோம். ஜக்கின் கீழே தடித்த பலகை போடுகிறோம். கழற்றிய சக்கரம் எப்போதும் காருக்குக் கீழேதான். சீமெந்துக் கல்லை நாங்கள் கண்ணிலும் காட்டுவதில்லை.

கராச்சும் கழிவு ஒயிலும்

சந்தியில் கராச் வைத்திருக்கும் தம்பி முதலில் எம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் பிழைப்பில் மண் போடுகிறோம் என்று நினைத்தார். பிறகு அவரே வந்து கூறினார்: முன்பெல்லாம் வண்டி நொருங்கிய பிறகு கட்டியிழுத்து வருவார்கள், காசும் தரமாட்டார்கள், இப்போது சத்தம் கேட்டதும் வருகிறார்கள், எங்கே சத்தம் என்றும் சொல்கிறார்கள். பிறேக் வேலையையும் எஞ்சின் பிரிக்கும் வேலையையும் நாங்கள் அவரிடமே விட்டுவிடுகிறோம். பிறேக்கைத் திறந்து பார்க்கக் கற்கிறோம். பூட்டுவது அவர் கண்முன். பழைய கார்களின் பிறேக் கட்டையில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

கழிவு ஒயிலை வேலியோரம் ஊற்றும் பழக்கத்தை விட்டொழிப்பது கடினமாக இருந்தது. 'கறையான் வராது' என்பார்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்க நெடுங்காலம் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனதை அறிவீர்கள். கிணற்றை இழந்தவர்களின் கதையை அப்பக்கத்து உறவினர் ஒருவர் வந்து சொன்ன பிறகு வேலியோரப் பேச்சு நின்றது. இப்போது பழைய கலன் ஒன்றில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கராச் மூலம் கொடுக்கிறோம்.

கூடிய ஒயில்

எங்கள் கூட்டத்துக்கு வரும் பெண்கள் நால்வர். அவர்களில் ஒருவர் கணவரை இழந்தவர். லான்ட்மாஸ்ரரைத் தாமே ஓட்டிப் பிறருடைய தோட்டங்களை உழுது மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். லீசிங் காசு இன்னும் முடியவில்லை. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் என்ன திகதி ஒயில் மாற்றியது, எத்தனை மணித்தியாலம் உழுதது, குச்சியில் எவ்வளவு நின்றது என்று எழுதி வருபவர் அவர் ஒருவரே. ஆண்கள் முதலில் சிரித்தார்கள்.

ஒரு நாள் அந்தக் கொப்பியோடு வந்தார். "ஐயா, நான் ஒயில் விடேல்லை. ஆனா போன கிழமையிலும் பாக்கக் குச்சியிலை கூடிக் கிடக்கு. பிழையா எழுதிப்போட்டனோ தெரியேல்லை."

ஐயா வாங்கிலிருந்து எழும்பிவிட்டார். லான்ட்மாஸ்ரரின் குச்சியை இழுத்து, ஒயிலை விரலில் தொட்டு உருட்டி, மூக்கில் வைத்தார். எம்மிடமும் நீட்டினார். டீசல் மணம். அது தேனைப்போல் ஒட்டாமல் தண்ணீரைப்போல் வழுகியது. "இண்டைக்கு இதைத் தொடக்கக் கூடாது பிள்ளை" என்றார். டீசல் பம்பிலிருந்து எரிபொருள் கசிந்து ஒயிலோடு கலந்துகொண்டிருந்தது. அப்படியே பருவத்துக்கு உழுதிருந்தால் உள்ளே தாங்கிகள் உருகி எஞ்சின் இறுகியிருக்கும். கராச்சுக்காரத் தம்பி பம்பைக் கழற்றித் தேய்ந்த பகுதியை மாற்றினார். ஒயிலும் பில்ரரும் புதிது போட்டோம். இரண்டே நாளில் அவர் மறுபடி உழப் போனார்.

முப்பது வருடத்துக்கு முன் மண்ணெண்ணெய்க் காரில் பட்ட பயம் ஐயாவுக்கு இருந்தது. எழுதிவைத்த கொப்பி அந்தத் தங்கச்சியிடம் இருந்தது. அடுத்த ஞாயிறு ஏழு பேர் கொப்பியோடு வந்தார்கள். பிக்கப் சகோதரர்கள் மூவரும் ஒரே கொப்பியில் எழுதுகிறார்கள். அதிலும் மூத்தவரின் கையெழுத்தைப் பற்றி இளையவர் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். தாலிக்கொடி போன சித்திரையில் திரும்பி வந்தது.

வரும் ஞாயிறு மைனரின் பின் பிறேக்கைத் திறக்கிறோம். கராச்சுக்காரத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அயற்பங்குகளிலிருந்து வர விரும்புவோர் இரண்டாம் பூசை முடிந்ததும் வரலாம். மதத்தவர் எவராயினும் வரலாம். பழைய துணி கொஞ்சமும், ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவரவும். வண்டியில் வருபவர்கள் புறப்படுமுன் குச்சியைப் பார்த்துவிட்டு வரவும். ஐயா கேட்பார்.